கல் நூலும் தேங்காயெண்ணெயும்

அலவத்துகொட
12.05.2026

அன்புள்ள சுதா,

நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவை எல்லாம் ஒற்றைச் சரியோடு நிற்கின்றன. அதனால் தபாலில் போடுகிறேன். தபாலைப் பிரிக்காமல் வைக்கும் ஆள் நீ இல்லை. தண்ணீர் பில்லைக்கூடப் புது உடுப்புப் பார்சலைப் போல ஆசையாகப் பிரிப்பாய் என்பது, ஹொஸ்டலில் உன்னோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்த எனக்குத் தெரியும்.

முழங்கைக் காயம் ஆறிவிட்டதா? உம்மாவும் கேட்கச் சொன்னார்.

உடைந்த துண்டை மறுநாளே பேராதனைக்குக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தேன். உன் காலைத் தாங்கும் கலிப்பரின் வலது பக்கக் கம்பி, முழங்கால் பூட்டுக்குச் சற்றுக் கீழே உடைந்திருக்கிறது. ஆணித் துளைக்குள்ளால் உடைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கலிப்பர் பூட்டியவர் துளையை ஓரத்துக்குக் கிட்டப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். உடைவு துளையைத் தொடவே இல்லை. பழி போட ஆள் இல்லை.

எனக்கு விளங்கவில்லை, சுதா. பெப்ரவரியில் வார்த்த கம்பிகளை இயந்திரத்தில் பூட்டி, நீ நடப்பதைப் போலத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தேன். வாரக்கணக்காக இயந்திரம் ஓடியது. ஒன்றுகூட உடையவில்லை. வெறும் அலுமினியம் லேசுதான், ஆனால் மாறி மாறிப் பாரம் ஏறினால் களைத்துவிடும். எரிமலைக் கல்லை உருக்கி இழுத்த நூலைச் சிறிதாக வெட்டி உள்ளே கலந்தால், பாரத்தின் ஒரு பங்கை நூல் வாங்கிக்கொள்ளும். இரும்பின் கனம் இல்லாமல் இரும்பை நம்புவது போல அதை நம்பலாம். இரண்டு வருடமாக நான் செய்வது இது ஒன்றைத்தான். அதே அலுமினியம், அதே நூல், கடுகண்ணாவையில் அதே ஹுதைபா நானாவின் உலை. அப்படியிருக்க உன் காலில் பூட்டிய கம்பி மட்டும் ஏன் பாடசாலைப் படியில் பாதி வழிகூட வரவில்லை? உலை கூடச் சூடேறியிருக்கலாம். அச்சில் ஈரம் இருந்திருக்கலாம். நாளை கடுகண்ணாவைக்குப் போய் நானாவிடம் நேரே கேட்கப்போகிறேன்.

தோட்டத்து மேல் டிவிசன் பாடசாலைக்கு ஏறிப் போய்ப் படிப்பிப்பதா, வேண்டாமா என்று ஜூன் முடிவதற்குள் நீ எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குள் இன்னொன்று வார்த்துவிடலாம். உடையாத இடது கம்பியைக் கழற்றி அனுப்பிவை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உன்
நப்லா


புசல்லாவை
19.05.2026

நப்லா,

பிரித்தேன். உனக்கு என்னைத் தெரியும்தான்.

உன் கடிதத்தில் என் முழங்கைக்கு ஒரு வரி. அதிலும் பாதி உன் உம்மாவுடையது. கம்பிக்கு ஒரு பக்கம். நான் ஒன்றாம் ஆண்டு டீச்சர், பிள்ளைகள் எதை எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குத் தொழில்.

அன்றைக்கு நடந்ததை நீ நின்றுகொண்டு பார்த்தாய். நான் கீழே இருந்து பார்த்தேன். கீழே இருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

நவம்பர் மழையில் மலை சரிந்து எங்கள் பாடசாலைக் கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டதிலிருந்து பிள்ளைகள் மேல் டிவிசனுக்கு ஏறுகிறார்கள். ஆட்டோ போகிற பாதை இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே வெட்டிய படிதான் வழி. நான் ஏறி வருகிறேன் என்றதும் என் வகுப்பு முழுக்க வேலியோரம் வந்து நின்றது. நீ பின்னால் வந்துகொண்டிருந்தாய். அந்த வளைவில் 'டக்' என்றது. விழுந்தேன். நீ குனிந்தாய். என்னைத் தூக்கத்தான் குனிகிறாய் என்று கையை நீட்டினேன். நீ கம்பித் துண்டை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உடைந்த முகத்தைப் பார்த்தாய். என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த வேலாயி அக்காதான் என்னைத் தூக்கினார். அவர் கேட்டது உன் காதில் விழுந்ததோ என்னவோ. "ஏம்மா, டீச்சரு கீழ கெடக்கு, நீங்க தகரம் பொறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

தோட்டம் முழுக்க இப்போது அதுதான் பகிடி. "டீச்சர், தகரக்காரம்மா மறுபடி எப்ப வருவாங்க?" என்று கடையில் கேட்கிறார்கள். அங்கே நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை.

ஆறு வயதில் போலியோ வந்த நாளிலிருந்து எல்லாரும் முதலில் என் காலைத்தான் பார்ப்பார்கள். பிறகு முகத்தைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். ஹொஸ்டலில் கதவைத் திறந்த அன்று நீ மட்டும்தான் நேரே என் முகத்தைப் பார்த்து, "ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு, சொல்லிட்டேன்" என்று சண்டைக்கு வந்தாய். அந்த இடத்திலேயே உன்னை எனக்குப் பிடித்துப்போனது. படியில் கிடந்தபோது, நீயும் மற்றவர்களைப் போல ஆக இத்தனை வருடம் எடுத்ததா என்று நினைத்தேன்.

நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் குரல் கேட்டால் கோபம் போய்விடும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்க வேண்டும்.

பழைய இரும்புக் கலிப்பரைப் பூட்டிக்கொண்டேன். அதோடு ஒரு நாள் மேலே ஏறிப் பார்த்தேன். அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்ப இடுப்பு விடவில்லை. வலயக் கல்விக் கந்தோரில் ஒரு மேசை வேலை தருவதாகச் சொல்கிறார்கள். மின்விசிறி இருக்கிறதாம், நல்ல கதிரை இருக்கிறதாம். பிள்ளைகள் மட்டும் இல்லை. தாள் என் அலுமாரியில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

மற்றக் கம்பியை அனுப்பமாட்டேன்.

சுதர்சினி


அலவத்துகொட
02.06.2026

சுதா,

உன் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் வந்தது. அடுப்படியில் நின்றபடி வாசித்தேன். "என்னடி, கண்ணுல புகையா?" என்று உம்மா கேட்டார். ஓம் என்றேன். காஸ் அடுப்பில் என்ன புகை.

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் காரணம், நீ எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லாததுதான். என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஏன் முதலில் அந்தத் துண்டு? எனக்குக் கிடைத்த விடை இதுதான். துண்டைக் கையில் எடுத்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ மண்ணில் கிடந்தபோது, பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததன் பக்கம் கை போய்விட்டது. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உன் கை நீட்டியபடி இருந்ததை நான் காணவே இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முழங்கை எப்படி? உண்மையாகவே கேட்கிறேன். இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? ஒரு எண்ணெய் இங்கே இருக்கிறது, அனுப்பட்டுமா என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று கீழே தெரியும்.

கம்பியைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கந்தோர்த் தாளில் நீ கையெழுத்துப் போடும் முன் உனக்கு இது தெரிய வேண்டும்.

கடுகண்ணாவையில் ஹுதைபா நானாவோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். உலையில்தான் பிழை என்றேன். "தங்கச்சி, ஏன்ட உலைல பிழ ஈந்தா, இந்த வட்டாரத்துல சோறாக்கிற சட்டியெல்லாம் ஓட்டையாத்தான் ஈக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்குத் தேநீர்கூடத் தரவில்லை. திரும்பி வந்து உடைந்த முகத்தை நுணுக்குக்காட்டியில் மறுபடி பார்த்தேன். முதல் தடவை உலோகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். இந்த முறை நூலைப் பார்த்தேன்.

நூல் அறுந்திருக்கவில்லை. முழுசாக உருவிக்கொண்டு வந்திருக்கிறது. அதாவது, அலுமினியம் அதைப் பிடிக்கவே இல்லை. நூலைச் சுற்றிக் கரி, பக்கத்தில் ஊசி முனையளவு குமிழ்கள். நூலில் எண்ணெய் பட்டிருக்கிறது. அது உருகிய உலோகத்துக்குள் போய் எரிந்து புகைந்திருக்கிறது. கடையிலிருந்து வரும்போதே நூலில் ஒரு பூச்சு இருக்கும். அதைச் சூளையில் எரித்துவிட்டுத்தான் வெட்டுவோம். இந்த எண்ணெய் அதற்குப் பிறகு பட்டது. பெப்ரவரிக் கம்பிகளில் அது இல்லை. ஏப்ரலில் வெட்டிய நூலில் மட்டும்தான் இருக்கிறது. என் மேசையில், என் பொறுப்பில் நடந்த கவனக்குறைவு. நானாவிடம் ஒரு பெட்டி பெருநாள் பலகாரத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வந்தது.

இன்னொரு முறை வார்க்க விடு. இந்த முறை உன் காலுக்குப் போகிற அதே வார்ப்பிலிருந்தே சில கம்பிகளை எடுத்து, உடையும் வரை வளைத்துப் பார்த்த பிறகுதான் உன்னிடம் தருவேன். போன முறையே அப்படிச் செய்திருக்க வேண்டும். பழைய சோதனையை நம்பிவிட்டேன்.

வேண்டாம் என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நப்லா


புசல்லாவை
06.06.2026

நப்லா,

ஏப்ரலில் வெட்டிய நூல். என் மேசை. என் பொறுப்பு. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்.

அது உன் ஆய்வுகூட மேசை இல்லை, வீட்டுச் சாப்பாட்டு மேசை. சித்திரை விடுமுறைக்கு நான் உன் வீட்டில் நின்ற நேரம். கத்தரிக்கோலும் கையுமாக அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்தாயா? என் கம்பிக்குப் போகிற நூலை நானே வெட்டுவேன் என்று அடம்பிடித்தது நான்தான்.

கட்டுக்கட்டாக, வெள்ளைக்காரப் பொம்மையின் முடியைப் போல மினுங்கியது. "இது எங்க லயத்துக் கூரைல இருக்கிற அஸ்பெஸ்டஸா?" என்று கேட்டேன். இல்லை, இது வேறு கல் என்று சொல்லிக் கையுறையும் முகமூடியும் தந்தாய். கையுறையோடு கத்தரிக்கோல் பிடிபடவில்லை. கழற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் அரிக்கத் தொடங்கியது. மேசையின் மற்றப் பக்கத்தில் உம்மா கறிக்குப் பொலஸ் வெட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளட கையப் பாரேன், செவந்து ஈக்கி" என்றார். பிஞ்சுப் பலாக்காய் வெட்டுகிற வீட்டில் கைக்கு மருந்து வேறு என்ன? முழங்கை வரைக்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மிச்ச நூல் முழுவதையும் வெட்டி முடித்தேன்.

பலாப் பாலே ஒட்டாமல் இருக்கத்தான் அந்த எண்ணெயைப் பூசுகிறோம். அது அலுமினியத்தை மட்டும் ஒட்டவிடுமா? ஒரு டீச்சருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். என் கம்பியை நானே உடைத்துவிட்டு உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு இது தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல், பழியை உன் தலையில் தூக்கி வைத்து எழுதியிருக்கிறாய்.

இதை நினைத்து ஒரு நாள் முழுக்க மனம் சரியில்லாமல் இருந்தேன். மறுநாள் பாத்திரம் கழுவும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது.

போத்தலின் மூடியைக் கழற்றி என் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றியது யார்? மிஸ் நப்லா, உலோக ஆய்வுகூடம், பேராதனை. "பூசிக்கோடி, அரிப்பு அடங்கும்" என்றாய். நூலில் ஒரு துளி தண்ணீர்கூடப் படக்கூடாது என்று காலையிலிருந்து என்னை வெருட்டிக்கொண்டிருந்த அதே ஆள்.

அன்றைக்கு நீ நூலைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாய். அதனால்தான் கம்பி உடைந்தது.

நுரைக் கையோடு அப்படியே நின்று சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். காஸ் அடுப்புப் புகைதான்.

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால் போன் கிடையாது. நூலை எனக்கு அனுப்பு, நீ சுட்டுத் தந்தால் போதும். என் கம்பிக்கு நானே வெட்டுவேன். கையுறையோடு. கந்தோர்த் தாளில் கையெழுத்துப் போடவில்லை. இடது கம்பியும் இத்தோடு வருகிறது. அதற்குள்ளும் என் எண்ணெய்தான், ஆசை தீர உடைத்துப் பார்.

முழங்கை ஆறிவிட்டது. இடுப்பு பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி.

சுதா


அலவத்துகொட
22.06.2026

அன்புள்ள சுதா,

எண்ணெயை நான் ஊற்றியது எனக்கு நினைவே இல்லை. நீ என்னைச் சமாதானப்படுத்தக் கட்டிச் சொல்கிறாய் என்றுதான் முதலில் எண்ணினேன். உம்மாவிடம் கேட்டேன். "நீதானே ஊத்தின. சிந்தி ஏன்ட மேசத் துணியும் பாழ்" என்றார். துணியைக் கொண்டுவந்தும் காட்டினார். கறை இருக்கிறது. ஆகவே குற்றம் நிரூபணமாகிவிட்டது.

உன் வாக்கியத்தைப் பலமுறை வாசித்தேன். எது என்று உனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிற எல்லா அளவுகளிலும் அந்த எண்ணெயை ஊற்றியதுதான் நான் செய்த மிக மோசமான பிழை. அந்தப் பிழையைச் செய்ததில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நீ வெட்டிய நூல் நுவரெலியா பஸ்ஸில் பத்திரமாக வந்தது. பேராதனைச் சந்தியில் பையை நீட்டிய கண்டக்டர், "மிஸ், சவுரி முடியா?" என்று கேட்டார். பையின் மேல் நீ சிவப்புப் பேனையால் 'எண்ணெய் படாதது' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாய். பிள்ளைகளின் கொப்பிக்குப் போடுகிற அதே கோடு. ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம். எனக்கு அப்படி வெட்டப் பொறுமை வராது.

13ஆம் திகதி சனிக்கிழமையே வார்த்தோம். ஹுதைபா நானா உலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்த மொற எண்ணெ கிண்ணெ இல்லயே? பொரிக்கிறதெண்டா சொல்லுங்க தங்கச்சி, தாச்சி ஒண்டு வெக்கிறேன்" என்றார். சிரித்த சிரிப்பில் கலக்குகிற கோலை விட்டுவிடப் பார்த்தேன்.

உனக்கான இரண்டு போக மிச்சக் கம்பிகளை இயந்திரம் ஒரு வாரம் இரவும் பகலும் வளைத்துப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை. பிறகு வேண்டுமென்றே பாரத்தைக் கூட்டி உடைத்தேன். இந்த முறை நூல் உருவி வரவில்லை. அலுமினியத்தோடு சேர்ந்து, கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்துதான் அறுந்திருக்கிறது. உடைந்த துண்டில் ஒன்றை இத்தோடு வைத்திருக்கிறேன். உனக்குக் காட்ட அல்ல. பொறுக்குவதற்கு இனி என்னிடம் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதற்காக.

உன்னுடைய இரண்டு கம்பிகளும் கண்டியில் கலிப்பர் பூட்டுபவரிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை போய்ப் பூட்டிக்கொள். நான் வரமாட்டேன். நீ கூப்பிடாமல் வரவே மாட்டேன். உன் பின்னால் படியேறினால் என் கண் எங்கே போகும் என்று எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை. முதல் தடவை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போ. வேலாயி அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொள். அவருக்குக் கண் சரியான இடத்தில் இருக்கிறது.

மேலே ஏறினாயா, இடுப்பு என்ன சொல்கிறது, பிள்ளைகள் என்ன சொன்னார்கள், இதை மட்டும் எழுது. மற்றதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். சத்தியமாகக் கேட்கமாட்டேன்.

உன்
நப்லா


புசல்லாவை, மேல் டிவிசன்
01.07.2026

என் நப்லாவுக்கு,

விலாசத்தைப் பார்த்தாயா? இதை மேலே இருந்து எழுதுகிறேன். ஒன்றாம் ஆண்டு வகுப்பு, ஓரத்து ஜன்னல். ஜன்னல் பக்க இடம் எனக்கு, சொல்லிவிட்டேன்.

கந்தோர்த் தாளை நேற்றுத் திருப்பிக் கொடுத்தேன். மேசை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிபர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "யோசிச்சித்தான் எழுதினீங்களா டீச்சர்?" என்றார். யோசிக்கவில்லை, ஏறிப் பார்த்துவிட்டு எழுதினேன் என்றேன்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை, வேலாயி அக்காவைத் தவிர. அவர் பின்னால் வருவார் என்று பார்த்தால் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். "என்னக்கா, விட்டுட்டுப் போறீங்க?" என்றேன். "பின்னால வந்தா நீங்க விழுவீங்கன்னு நா நெனைக்கிற மாதிரி ஆயிரும் டீச்சர். நா நெனைக்கல. வாங்க" என்றார். அந்த வளைவு வந்தபோது மட்டும் நின்று, தேயிலையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நானும் நின்றேன். மூச்சு வாங்கியது. பயமாகவும் இருந்தது. இரும்புக் கலிப்பரோடு ஏறும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அன்றைக்கும் அதே பழக்கத்தில் தூக்கிய கால் தேவைக்கு மேலே போய்விட்டது. இவ்வளவு லேசாக ஒன்று என் காலில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் என் காலோடு நானே பழகவேண்டியிருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் வேலாயி அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டு சொன்னார்: "தகரக்காரம்மாவ ஒருக்கா வரச் சொல்லுங்க. அன்னிக்கி ஒரு வார்த்த கூடுதலாப் பேசிட்டேன். ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கணும்."

திங்கட்கிழமை பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கம்பிக்குள் கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அது பிழையாகப் போயிற்று. இடைவேளை முழுக்கக் கல் பொறுக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இதுல நூல் வருமா?" என்று மேசையில் குவிக்கிறார்கள். என் மேசையில் இப்போது வைக்க இடமில்லை. நீ வந்தால் உன்னைத்தான் கேட்பார்கள், தயாராக வா.

இடுப்பு வலிக்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய், உட்காராமலே சமைத்தேன்.

இங்கிருந்து பார்த்தால் கீழே பாதையில் கண்டி பஸ் போவது தெரிகிறது. அதில் ஏறி நீ வர வேண்டும். படியில் நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன். உன் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மறுபடி முதலிலிருந்து வாசிப்பாய். கம்பி எப்படி இருக்கிறது, பூட்டுக்குக் கீழே கீறல் ஏதும் தெரிகிறதா, ஆணி இளகியிருக்கிறதா என்று எங்கேயாவது ஒரு வரி எழுதியிருக்கிறேனா என்று தேடுவாய். எழுதவில்லை. நீயும் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய், பாவம்.

இது உன் கைக்கு வருகிற அன்று மாலை கூப்பிட்டுக் கேள். எடுக்கிறேன்.

சுதா